கிமியேயின் கேமராவில் எய்சாகுவின் கால்

சகாதா ரயில் நிலையத்திலிருந்து ஆற்றங்கரைக் கிராமங்களுக்குப் போகும் பேருந்தை முப்பத்தோரு வருஷமாக ஓட்டிவந்தவர் டொகாஷி எய்சாகு. கடற்காற்று பனியைப் பக்கவாட்டில் வீசியடிக்கும் ஜனவரி மாதத்தில்கூட அவர் வண்டி இரண்டு நிமிஷத்துக்கு மேல் தாமதித்ததில்லை. அவரிடம் குறை என்று ஊர் சொல்வது ஒன்றே ஒன்றுதான். அவர் போட்டோ எடுப்பார்.

எடுப்பதில் தவறில்லை. எடுத்து முடிக்க மாட்டார் என்பதுதான் சங்கடம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு குளிர்கால போனஸ் முழுவதையும் கொட்டி வாங்கிய கனத்த உலோகக் கேமரா அது. அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு லென்ஸ் வளையத்தை அந்தப் பக்கம் திருகுவார். கொஞ்சம் கூடிப்போய்விட்டது என்று இந்தப் பக்கம் திருகுவார். மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஒரு மயிரிழை அந்தப் பக்கம். எதிரே நிற்பவர்கள் சிரித்து, சிரிப்பு ஆறி, எச்சில் விழுங்கி, ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றி யோசிக்க ஆரம்பிக்கும் நேரத்தில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அதனால் டொகாஷி வீட்டு ஆல்பங்களில் சிரிக்கும் முகம் என்று ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் சிரித்து முடித்த முகங்கள். மகளின் ஏழாவது வயதுக் கோயில் போட்டோவில் பட்டுக் கிமோனோவோடு அவள் கொட்டாவி விடுகிறாள். எய்சாகுவின் பெரியப்பா "முடிஞ்சுதா?" என்று கேட்க வாயைத் திறந்த நிமிஷத்தில் அகப்பட்டவர்; அவருக்கு வேறு நல்ல போட்டோ இல்லாததால் செத்த பிறகும் முன்னோரை வணங்கும் புத்தர் அலமாரிக்கு மேலே சட்டத்துக்குள் வாயைத் திறந்தபடியே இருக்கிறார்.

மனைவி கிமியே பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். நானூறு பிள்ளைகளுக்குச் சூப்பு காய்ச்சுகிறவள். காத்திருப்பது அவள் வழக்கமில்லை. மகள் பிறந்த நாளிலிருந்து கிமியே கணவரை அப்பா என்றும் அவர் அவளை அம்மா என்றும் கூப்பிட்டுப் பழகியிருந்தார்கள். மகள் கல்யாணமாகி செந்தாய் நகரத்துக்குப் போன பிறகும் அந்தப் பெயர்கள் வீட்டிலேயே தங்கிவிட்டன.

புதுச் சக்கரவர்த்தி பட்டத்துக்கு வந்த வருஷம், மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. தவழ ஆரம்பித்ததும் பார்க்கப் போனார்கள். எய்சாகு ஒரு ரோல் முழுவதையும் பேரன்மேல் செலவழித்தார். ஊருக்குத் திரும்பி பிலிமைக் கழுவி வாங்கிவந்து இருவரும் மேஜையில் பரப்பினார்கள். முப்பத்தாறு படத்திலும் தரைப்பாயின் கோரை ஒவ்வொன்றையும் எண்ணிவிடலாம், அவ்வளவு துல்லியம்.

"அப்பா, புள்ள எங்க?"

"அதோ, இடது பக்கம் மூலையில."

"அது தலகாணி."

எய்சாகு படத்தைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "அப்ப இதுவா இருக்கும்" என்று இன்னொரு வெள்ளைத் திட்டைக் காட்டினார். கிமியே படங்களை அடுக்கி உறையில் போட்டாள். அந்தக் கோடை போனஸ் கைக்கு வந்த சாயந்திரம், ஹொன்மா போட்டோ கடைப் பையோடு வீடு வந்து சேர்ந்தாள்.

"என்ன அது?"

"கேமரா."

"கேமரான்னு தெரியுது. யாருக்கு?"

"எனக்கு."

அது அந்தக் காலத்தில் எல்லாக் கடைக் கண்ணாடியிலும் உட்கார்ந்திருந்த ஆட்டோ ஃபோகஸ் வகை. கறுப்புப் பிளாஸ்டிக் உடம்பு. ரோலை உள்ளே வைத்து மூடினால் தானே இழுத்துக்கொள்ளும். முடிந்தால் தானே சுற்றிக்கொள்ளும். பட்டனைப் பாதி அழுத்தினால் லென்ஸ் 'ஜீ' என்று ஓடி, ஓரிடத்தில் நின்று, 'பிப்' என்று சொல்லும். இனி எடுக்கலாம் என்று அர்த்தம்.

எய்சாகு அந்த 'ஜீ'யைக் கேட்டதும் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். "இது போட்டோ எடுக்கற சத்தமா, துணி துவைக்கற சத்தமா?"

"துணி துவைக்கறதுன்னா நல்லதுதானே. நீங்க இருவது வருஷமா ஊறுகா ஜாடி மூடியத் திருகறீங்க, இன்னும் ஒரு துண்டு வெளிய வரல."

அன்றிலிருந்து அந்தக் கேமராவுக்கு அவர் வாயில் 'துவைக்கிற மெஷின்' என்றே பெயர். கிமியே கோபித்துக்கொள்ளவில்லை. கூடவே வந்த புத்தகத்தைச் சமையலறையின் பன்னிரண்டு மணி இடைவேளையில் பென்சிலால் கோடிட்டு வாசித்தாள். கேமரா நட்டநடுவில் இருப்பதைத்தான் பார்க்கும். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் நடுச்சந்து வழியாகப் பின்னால் இருக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டுவிடும். அதனால் முதலில் ஒருவர் முகத்தில் வைத்து 'பிப்' வாங்கிக்கொண்டு, பட்டனை விடாமல் கேமராவை நகர்த்த வேண்டும். இதையெல்லாம் ஒரு வாரத்தில் படித்துவிட்டாள். அடுத்த முறை செந்தாய்க்குப் போனபோது பேரன் இவளை நோக்கி வேகமாகத் தவழ்ந்து வர வர, 'ஜீ பிப் டக்' என்று போய்க்கொண்டே இருந்தாள். அந்தப் படங்களில் பேரனின் கீழ் ஈறில் புதிதாக முளைத்த பல்கூடத் தெரிந்தது.

எய்சாகு அவற்றை ஒரு தடவை பார்த்துவிட்டு, "மெஷின் எடுத்த படத்துல உயிர் இல்ல" என்றார். அதற்கப்புறம் கிமியே இல்லாதபோது மூன்று தடவை எடுத்துப் பார்த்தார்.

ஊரில் வெண்சிறகு போட்டோ சங்கம் என்று ஒன்று இருந்தது. பதினோரு பேர், எல்லாரும் ஆண்கள். சைபீரியாவிலிருந்து ஆற்று முகத்துவாரத்துக்கு வந்து இறங்கும் அன்னங்களைக் குளிர்காலம் முழுவதும் எடுப்பது, மாதம் ஒருமுறை கூடி ஒருவர் படத்தை ஒருவர் குத்திக்காட்டுவது, பிறகு சாக்கே என்ற அரிசி மது குடிப்பது என்பதே சங்கத்தின் வேலை. தலைவர் பல்வைத்தியர் இதாகாகி. எய்சாகு அதில் பழைய கை. ஆனால் இரண்டு மூன்று வருஷமாக அவர் படங்கள் ஒரு மாதிரி சொதசொதவென்று வந்துகொண்டிருந்தன. அன்னம் இருக்க வேண்டிய இடத்தில் மாவு உருண்டை இருந்தது. கழுவும் மருந்து சரியில்லை என்றார். போட்டோ கடைக்காரர் ஹொன்மா மருந்தை மாற்றினார். லென்ஸில் பூஞ்சை என்றார். ஹொன்மா பிரித்துத் துடைத்துக் கொடுத்தார். பிறகு எய்சாகு வேறு வழி கண்டுபிடித்து, படங்களுக்குப் பெயர் வைக்க ஆரம்பித்தார். 'மூடுபனி', 'கனவு', 'தூரத்து நினைவு'.

"டொகாஷி-சான்," என்றார் இதாகாகி நவம்பர் கூட்டத்தில், "எல்லாரும் ஒரே நாள், ஒரே கரைல நின்னு எடுத்தோம். உங்களுக்கு மட்டும் எப்படிங்க மூடுபனி எறங்குச்சு?"

எல்லாரும் சிரித்தார்கள். எய்சாகுவும் சிரித்தார். வீட்டுக்கு வந்து செய்தித்தாளைக் கைநீளத்துக்குப் பிடித்துக்கொண்டு, "இப்பல்லாம் பேப்பர்காரன் மையை மிச்சம் பிடிக்கறான்" என்று திட்டினார்.

கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்று கிமியே ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். அன்றுதான் அவர் நிஜமாகக் குரலை உயர்த்தினார். "வருஷா வருஷம் கம்பெனில கண்ணு பாக்கறாங்க. கடைசி வரிசை வரைக்கும் படிக்கறேன். என் கண்ணுக்கு என்ன கேடு?" அது உண்மையும்கூட. தூரத்துப் பனிமூட்டத்தில் ஒரு நரி சாலையைக் கடந்தால் பயணிகளுக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். அதற்குமேல் கிமியே பேசவில்லை. முப்பத்தோரு வருஷம் பேருந்து ஓட்டியவரிடம் கண் என்ற சொல்லை எடுத்தால், அவர் காதில் அது வேலை என்று விழுகிறது என்பது அவளுக்குப் புரிந்தது.

பிப்ரவரியில் நகர மண்டபத்தில் சங்கத்தின் கண்காட்சி. ஆளுக்கு ஒரு படம், ஜனவரி முடிவதற்குள் கொடுத்துவிட வேண்டும். எய்சாகு ஜனவரியில் நான்கு ரோல் தீர்த்தார். நான்கும் மூடுபனி.

மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை அவருக்கு வார விடுமுறை. கிமியே காலையிலேயே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். எய்சாகு டீ அலமாரிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, அலமாரியில் எதையோ தேடுவதுபோல, யாரும் பார்க்காத அந்த வீட்டில் யாருக்கோ காட்டிக்கொண்டு தேடி, துணி முடிச்சில் இருந்த துவைக்கிற மெஷினை எடுத்துக் கோட்டுக்குள் போட்டுக்கொண்டார்.

சங்கத்துக்காரர்கள் நிற்கும் கரையை விட்டுவிட்டு, பாலத்துக்கு அப்பால் நாணல் புதருக்குப் பின்னால் போய் நின்றார். நூறு நூற்றைம்பது அன்னங்கள் மிதந்தன. ஒன்றைப் பார்த்துப் பட்டனைப் பாதி அழுத்தினார். லென்ஸ் 'ஜீ' என்று போனது, 'ஜீ' என்று திரும்பி வந்தது, மறுபடியும் போனது. 'பிப்' வரவே இல்லை. உடைத்துவிட்டோம் என்று அவருக்கு அந்தக் குளிரில் வேர்த்தது. வெள்ளைப் பனிக்கு முன்னால் வெள்ளை உடம்பை வைத்தால் அந்தக் கேமராவுக்குப் பிடிமானம் கிடைக்காது என்பது புத்தகத்தில் கிமியே இரண்டு கோடு போட்ட இடம். புத்தகத்தை அவர் படிக்கவில்லையே. தற்செயலாகக் கை நகர்ந்து, அன்னத்தின் மஞ்சளும் கறுப்புமான அலகு நடுவில் வந்தபோது 'பிப்' என்றது.

ஆனால் அவர் கண்ணுக்கு உள்ளே படம் தெளிவாக இல்லை. வழக்கமான அதே மங்கல்தான். "பொய் சொல்லுது" என்று முணுமுணுத்தார். விட்டுவிட்டு மறுபடி பாதி அழுத்தினார். மறுபடி 'பிப்'. அதே மங்கல். மெஷினோடு தர்க்கம் பண்ணிக்கொண்டிருக்கும்போதே ஒரு அன்னம் கழுத்தை நீட்டி, நீரின்மேல் கால்களை அடித்து ஓட ஆரம்பித்தது. எய்சாகு பட்டனை முழுக்க அழுத்தினார். கையுறை போட்ட விரல் குளிரில் விறைத்திருந்ததால் எடுக்கத் தெரியவில்லை. பேரனுக்காகக் கிமியே தொடர்ந்து எடுக்கும்படி திருகி வைத்திருந்ததும் அவருக்குத் தெரியாது. மூன்று நொடியில் ஒன்பது படம் ஓடிவிட்டது. ரோல் தீர்ந்தது. உடனே கேமரா யாரையும் கேட்காமல், பக்கத்து அன்னங்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக, பிலிமைப் பின்னோக்கிச் சுற்ற ஆரம்பித்தது.

எய்சாகு அதைக் கோட்டுக்குள் போட்டு இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார். அழும் குழந்தையை அணைத்துக்கொள்வதுபோல ஆட்டியும் பார்த்தார். அது முழுக்கச் சுற்றி முடித்துத்தான் ஓய்ந்தது. வீட்டிலிருந்து எடுத்து வந்தபோது கேமராவின் முதுகில் 27 என்று காட்டிய எண் இப்போது பூஜ்யம்.

ஹொன்மா அவருடைய பள்ளித் தோழர். போட்டோ கடையில் வேறு ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து எய்சாகு ரோலை நீட்டினார்.

"இது கிமியே-சான் வாங்குற பிலிமாச்சே?" என்றார் ஹொன்மா.

"வாய மூடிட்டுக் கழுவு."

ஒரு மணி நேரத்தில் படங்கள் வந்தன. முதல் இருபத்தேழும் கிமியேயுடையவை, புத்தாண்டுக்குப் பேரன் வந்திருந்தபோது எடுத்தவை. அடுத்த ஒன்பதில் அன்னம் ஓடியது. ஐந்தாவது படத்தில் அது ஒரு காலைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிட்டிருந்தது. மறுகால் கிளப்பிய துளிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றன. எய்சாகு அதைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். ஹொன்மா தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, மேஜைமேல் அவர் பக்கம் தள்ளினார். எய்சாகு அதைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கழுத்துக்குக் கீழே மூன்று சிறகுகள் நனைந்து ஒட்டியிருந்தன.

"பொய் சொன்னது அது இல்ல," என்றார் மெதுவாக. "எனக்கு உள்ள மங்கலாத்தான் தெரிஞ்சுது. அது சரின்னு சொல்லுச்சு. சரியாத்தான் இருந்திருக்கு."

"வயசுப்பா. தூரமெல்லாம் ஒண்ணும் ஆகாது. கிட்டக்கத்தான். கேமராவுக்குள்ள தெரியறதும் கிட்டக்கக் கணக்குதான். எனக்கு நாப்பத்தெட்டுலயே வந்துடுச்சு."

"ஆபீஸுக்குத் தெரிஞ்சா?"

"அன்னத்தப் போய் ஆபீஸுல காட்டப் போறியா?"

எய்சாகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். இப்போதைக்கு அதைவிட அவசரமான விஷயம் ஒன்று இருந்தது. கேமராவைப் பழையபடி அலமாரியில் வைக்க வேண்டும். எண் 27 காட்ட வேண்டும். ஹொன்மா ஒரு யோசனை சொன்னார். புது ரோல் போடு. இருபத்தேழு படம் எதையாவது எடுத்துத் தள்ளு. மீதி ஒன்பதை எடுத்துவிட்டு உன் மனைவி இங்கேதானே கழுவக் கொண்டுவருவாள்? அந்தக் குப்பையை நான் எடுத்துவிட்டு, இந்தப் பேரன் படங்களை உள்ளே வைத்துக் கொடுத்துவிடுகிறேன்.

எய்சாகு வீட்டுக்கு வந்து லென்ஸ் மூடியைக் கழற்றாமலே பட்டனை அழுத்தினார். கேமரா மறுத்துவிட்டது. இருட்டில் அதற்கு எதுவும் பிடிபடாது, பிடிபடாமல் அது எடுக்காது. எதையாவது காட்டித்தான் தீர வேண்டும். ஆகவே மண்ணெண்ணெய் அடுப்பைக் காட்டினார். 'பிப்'. நாட்காட்டியைக் காட்டினார். சுவர்க் கடிகாரம், கெட்டில், சோயா சாஸ் பாட்டில். உட்கார்ந்த வாக்கில் நீட்டியிருந்த தன் காலை, கட்டைவிரல் பக்கம் தைத்திருந்த காலுறையோடு எடுத்தார். பத்தாவது படத்துக்கு மேல் அவருக்கே தெரியாமல் ஒன்று நடந்தது. கெட்டில் வாயிலிருந்து ஆவி கிளம்பும்வரை காத்திருந்து எடுத்தார். பின்கட்டுக் கதவருகே போய்க் குந்தி, கிமியேயின் பழைய சமையலறை ரப்பர் பூட்ஸை, ஒன்று நின்றபடியும் ஒன்று சாய்ந்தபடியும் இருந்ததை, அந்தப் பக்கத்து ஜன்னல் வெளிச்சத்தோடு சேர்த்து மூன்று விதமாக எடுத்தார். எண் 27 ஆனபோது ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அன்னத்தின் ஐந்தாவது படம் பெரிதாக்கப்பட்டுச் சங்கத்துக்குப் போனது. பெயர் கேட்டார்கள். "அன்னம்" என்றார் எய்சாகு.

கண்காட்சிக்கு முந்தின நாள் கிமியே மீதி ஒன்பதைப் பள்ளிக்கூடப் பனிமனிதர்கள்மேல் தீர்த்துவிட்டு, ரோலைக் கழுவக் கொடுத்தாள். சாயந்திரம் வாங்கப் போனபோது ஹொன்மா மண்டபத்தில் படங்களுக்குச் சட்டம் மாட்டிக்கொண்டிருந்தார். கடையில் அவர் மனைவி இருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. உறையில் எது இருந்ததோ அதை அப்படியே எடுத்துக் கொடுத்தாள்.

கிமியே பேருந்து நிறுத்தத்தில் உறையைப் பிரித்தாள். புத்தாண்டுக்கு எடுத்த பேரனைக் காணோம். அடுப்பு. நாட்காட்டி. கெட்டில். கடிகாரம், காலை பதினொன்று நாற்பது. நாட்காட்டியிலும் கடிகாரத்திலும் சேர்த்துப் பார்த்தால் எந்த மாதம், என்ன நேரம் என்பதுவரை வந்துவிட்டது. பிறகு ஒரு கால். அந்தக் காலுறையைத் தைத்தவளே அவள்தான். கொஞ்ச நேரம் அவளுக்கு ஒன்றுமே புரியவில்லை. பிறகு நிறுத்தத்தில் தனியாக நின்றுகொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். பூட்ஸ் படம் வந்தபோது சிரிப்பு நின்றது. அதை மட்டும் நீண்ட நேரம் பார்த்துவிட்டு, கைப்பையின் உள்ஜிப்பில் வைத்துக்கொண்டாள். வீட்டில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. ராத்திரி காட் மீன் சூப்பு வைத்து, எய்சாகுவுக்குக் கல்லீரல் துண்டை இரண்டாகப் போட்டாள். அவர் அதைச் சந்தேகத்தோடே தின்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நல்ல கூட்டம். அன்னத்துக்கு முதல் பரிசு. பாராட்டுப் பத்திரமும் பத்து கிலோ அரிசியும். இதாகாகி எல்லாரையும் படத்துக்கு முன்னால் கூட்டி நிறுத்தினார்.

"புதுசா சேர்ந்தவங்க நல்லாப் பாத்துக்குங்க. கெளம்பற அன்னத்த இந்த மாதிரிப் புடிக்கறது, முப்பது வருஷம் விரல்ல பழகின ஆளாலதான் முடியும். ஜீ ஜீன்னு கத்துதே, அந்த மெஷினெல்லாம் கிட்ட வரவே முடியாது. டொகாஷி-சான், எப்படிப் புடிச்சீங்க? ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

எய்சாகு அரிசி மூட்டையைக் கட்டிப் பிடித்தபடி முன்னால் வந்தார். "அது வந்து... மொதல்ல அலகைப் பாக்கணும். அப்புறம் வளையத்த... மெதுவா, இப்படி..."

கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து கிமியேயின் குரல், சந்தையில் முள்ளங்கி விலை கேட்பதுபோலச் சாதாரணமாக வந்தது.

"அப்பா, கால் போட்டோவும் நல்லாத்தான் வந்திருக்கு. அதையும் கொண்டுவந்து மாட்டியிருக்கலாமே."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஹொன்மா மட்டும் மெல்ல நகர்ந்து ஒரு தூணுக்குப் பின்னால் போனார். எய்சாகுவின் காது மடல் சிவந்தது. மூட்டையைக் கீழே வைத்தார்.

"இத நான் புடிக்கல," என்றார். "என் வீட்டம்மாவோட கேமரா புடிச்சது. அவங்களுக்குத் தெரியாம எடுத்துட்டுப் போனேன். நான் வெறுமனே அழுத்தினேன், அதுவும் விரல எடுக்கத் தெரியாம அழுத்தினேன்." அரிசி மூட்டையைப் பார்த்தார். "எனக்குக் கேமராவுக்குள்ள சரியாத் தெரியறதில்ல. மூணு வருஷமாவே. மூடுபனியெல்லாம் சும்மா. மன்னிச்சிருங்க."

குனிந்து வணங்கினார். நிமிரவே இல்லை. மண்டபத்தில் யாரோ ஒருவரின் ஈர பூட்ஸ் மட்டும் கிறீச்சிட்டது.

இதாகாகிதான் பேசினார். "டொகாஷி-சான், நிமிருங்க. போன மாசம் உங்க கடவாப் பல்லை அடைச்சனே, ஞாபகம் இருக்கா? அப்ப என் மூஞ்சில என்ன இருந்துச்சு?"

"கண்ணாடி."

"கண்ணாடி மேல இன்னொரு பூதக்கண்ணாடி. அது இல்லன்னா உங்க பல்லுக்கும் நாக்குக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது. அது ஏமாத்து வேலைன்னு பல்லைப் பிடுங்கித் திருப்பிக் குடுத்துடுவீங்களா?"

முதலில் சிரித்தது கிமியே. பிறகு எல்லாரும். பத்திரத்தில் பெயரை ஏற்கெனவே மையால் எழுதியாகிவிட்டதால் பரிசை மாற்ற முடியாது என்று சங்கம் முடிவு செய்தது. அரிசியைப் பொறுத்தவரை, எப்படியும் ஒரே பானையில்தான் வேகப்போகிறது என்று கிமியே தீர்ப்புச் சொன்னாள். அப்போது சங்கத்தில் ஒருவர் தயங்கித் தயங்கி அவள் பக்கம் வந்தார். "வெள்ளைல வெள்ளைய வச்சா அந்த மெஷினுக்குப் புடிபடாதுங்கறாங்களே, அது நெசமா?" கிமியே பட்டனைப் பாதி அழுத்தும் வித்தையைக் கையால் காட்டினாள். இரண்டாவது ஆள் வந்தார், மூன்றாவது ஆள் வந்தார். கொஞ்ச நேரத்தில் முதல் பரிசுக்காரர் அரிசி மூட்டையோடு தனியாக நின்றார்.

அந்த மாதக் கூட்டத்தில் சங்கத்தின் பன்னிரண்டாவது உறுப்பினராகக் கிமியே சேர்ந்தாள். சாக்கே மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே குடித்தாள்.

கண்ணாடிக் கடைக்கு எய்சாகு அதற்கும் இரண்டு வாரம் கழித்துத்தான் போனார். போகும் வழியில் கிமியேயிடம், "வண்டிய வாங்கிக்குவாங்களோ?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியைக் கேட்கத்தான் அவருக்கு மூன்று வருஷம் ஆகியிருந்தது. கடைக்காரர் அரை மணி நேரம் சோதித்துவிட்டு, தூரப் பார்வை இளைஞனுக்கு இருப்பதுபோல இருக்கிறது, படிக்கிறபோது மட்டும் போட்டுக்கொண்டால் போதும் என்றார். மறுநாள் பணிமனையில் எய்சாகு தன் கண்ணாடியைக் காட்டினார். மேற்பார்வையாளர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நல்ல ஃப்ரேம். எங்க வாங்கினீங்க? என்னுது மூக்குல அழுத்துது" என்றார்.

பழைய உலோகக் கேமராவின் கண்துளைக்குப் பொருத்த ஹொன்மா ஒரு சின்னக் கண்ணாடி வரவழைத்துக் கொடுத்தார். அதோடு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. எய்சாகு ஒரு மாதம் சந்தோஷமாகத் திருகிப் பார்த்தார். ஆனால் ருசி கண்டாகிவிட்டதே. அடுத்த குளிர்கால போனஸில் தனக்கென்று ஒரு துவைக்கிற மெஷின் வாங்கிவிட்டார். கிமியேயின் லென்ஸ்களும் அதில் பொருந்த வேண்டும் என்று அதே வகையாகப் பார்த்து வாங்கினார். சிக்கனம் என்று நினைத்துத்தான் செய்தார். வீட்டில் நீளமான லென்ஸ் ஒன்றே ஒன்று, கேமரா இரண்டு என்ற நிலை அப்போதுதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் காலைச் சோறு ஆறும்வரை தகராறு நடந்தது.

மார்ச் முதல் வாரம் அன்னங்கள் வடக்கே கிளம்பும் காலை. இருவரும் கரையில் நின்றார்கள்.

"அம்மா, இன்னைக்கு நீள லென்ஸ் என் முறை."

"போன வாரம் யார் வச்சிருந்தாங்க?"

"போன வாரம் மழை. மழை கணக்குல வராது."

"மழைல நீங்க அத ஒறையவிட்டே வெளிய எடுக்கல. அது உங்க தப்பு."

எய்சாகு குட்டை லென்ஸை மாட்டிக்கொண்டார். கரையோரக் கடையிலிருந்து குச்சியில் குத்திய கொன்யாக்குக் கிழங்கு உருண்டைகளின் சோயா வாசம் வந்தது. யாரோ "கிளம்புது, கிளம்புது" என்று கத்தினார்கள். இருநூறு அன்னங்கள் ஒரே சமயத்தில் நீரை அடித்துக்கொண்டு ஓடி எழும்பின. கிமியேயின் கேமரா 'பிப்' சொல்லி ஓட ஆரம்பித்தது. குட்டை லென்ஸில் அன்னங்கள் எறும்புபோலத்தான் வரும் என்பதால் எய்சாகு ஆற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். கரை முழுக்க ஜனங்கள் வாயைப் பிளந்து அண்ணாந்து நின்றார்கள். பல்வைத்தியரின் குல்லாய் நழுவி விழுந்துகொண்டிருந்தது. எல்லாருக்கும் முன்னால் கிமியே ஒரு கால் சேற்றில் புதைந்தது தெரியாமல் நின்றாள். அவர் அழுத்தினார்.

அன்னங்கள் மலைப்பக்கம் மறைந்த பிறகு கிமியே திரும்பினாள். "என்ன எடுத்தீங்க? அங்க ஒண்ணுமே இல்லயே."

"கழுவினாத் தெரியும்," என்றார் எய்சாகு. "மொதல்ல கால வெளிய எடு, பூட்ஸ் மாட்டிக்கப் போவுது."